முக்கால் விநாடி

ஓசூரில் மச்சானுடைய பணி ஓய்வு விழாவுக்குப் போயிருந்தேன். 1989-ல் 23 வயதில் ஒரு தொழிற்சாலையில் அப்ரன்டீஸாகச் சேர்ந்தவர். மூன்று ஷிஃப்டுகளிலும் மாறி மாறி வேலை பார்த்து, 2024-ல் 58 வயதில் வெளியே வந்தார். மாலை, சால்வை, வெள்ளித் தட்டு, கூடவே ஒரு கைக்கடிகாரம்.

"இனிமே நேரம் பார்க்க வேண்டாம்னு வீட்டுக்கு அனுப்பறாங்க. அப்படியே கையில வாட்ச்சையும் கட்டி விடறாங்க, பார்த்தீங்களா மாப்பிள்ளை?" என்றார்.

கடிகாரம் செய்கிற ஊரில் வேறு என்ன தருவார்கள்? டைட்டன்காரர்கள் 1.15 மில்லிமீட்டர் கனத்துக்குள் ஒரு கடிகாரத்தின் மொத்த இயந்திரத்தையும் அடக்கிக் காட்டிய ஊர் இது. காலத்தை ஒடுக்குவது ஓசூர்க்காரர்களுக்குப் புதிதல்ல. அன்றைக்கு மண்டபத்தில் 35 வருஷத்தை 7 நிமிஷத்துக்குள் ஒடுக்கினார்கள்.

மச்சானின் பையன் பெங்களூரில் சாஃப்ட்வேர். தினமும் ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி டிராஃபிக்கில் பாதி ஆயுளைக் கழிக்கிறவன். நல்ல கேமரா வைத்திருக்கிறான். அப்பாவுக்காக ஒரு மாசம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஸ்லைடு ஷோ தயாரித்திருந்தான். 212 படங்கள், படத்துக்கு 2 விநாடி, பின்னணியில் வயலின். விளக்கை அணைத்தார்கள். பழைய ஸ்டூடியோ படங்கள், கல்யாணம், முதல் சைக்கிள், முதல் மொபெட், பையனுக்கு மொட்டை, தொழிற்சங்கக் கூட்டம், ஆயுத பூஜை என்று வந்துகொண்டே இருந்தன. கூட்டம் கைதட்டியது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நடுவில் ஒரு க்ரூப் போட்டோ வந்தது. 1994-ல் ஆயுத பூஜையன்று மெஷின் வரிசைக்கு முன்னால் எடுத்தது. 48 பேர், எல்லோரும் மீசையோடு. மச்சான் சட்டென்று முன்னால் குனிந்து, "டேய், நிறுத்து நிறுத்து" என்றார். வயலின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அதற்குள் படம் பூவாக உதிர்ந்து, ஒகேனக்கல் பரிசல் சவாரி வந்துவிட்டது.

விழா முடிந்து சாப்பிடும்போது கேட்டேன்: "எதுக்கு நிறுத்தச் சொன்னீங்க?"

"அதுல மூணு பேர் இப்ப இல்ல. ஒருத்தன் நைட் ஷிஃப்ட் முடிச்சு வரும்போது ஹைவேல போயிட்டான். அவனோட போட்டோ எங்கிட்ட வேற ஒண்ணும் கிடையாது. அவன் எங்க நிக்கிறான்னு தேடறதுக்குள்ள போயிடுச்சு."

பையன் முகம் வாடிவிட்டது. அவன்மேல் தப்பில்லை. எல்லோரும் இப்படித்தான் செய்கிறோம். தப்பு வடிவத்தில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

* * *

நம் தலைமுறை முதலில் பார்த்த ஸ்லைடு ஷோ டூரிங் டாக்கீஸில்தான். கண்ணாடித் துண்டில் கையால் எழுதிய 'நல்வரவு', 'புகை பிடிக்காதீர்', உள்ளூர் ஜவுளிக்கடை, பல்பொடி. அதை எவ்வளவு நேரம் காட்டுவது என்பது ஆபரேட்டரின் கையில். ஜவுளிக்கடைக்காரர் வேண்டியவர் என்றால் ஜவுளிக்கடை கொஞ்சம் அதிகம் நிற்கும். முறையற்ற ஏற்பாடுதான். ஆனால் எது நிற்கவேண்டும், எது போகவேண்டும் என்று ஒரு மனிதன் தீர்மானித்தான்.

கம்ப்யூட்டர் வந்ததும் அந்த ஆபரேட்டர் வேலையை இழந்தார். 2000-ல் விண்டோஸோடு மூவி மேக்கர் வந்தது. படங்களை வரிசையாகப் போட்டால் போதும், அதுவே வீடியோ ஆக்கிக் கொடுக்கும். பக்கம் புரளும், இதயம் விரியும், நட்சத்திரம் வெடிக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து கன்னியாகுமரி வரை கல்யாண ஸ்டூடியோக்கள் அத்தனையும் இதில் விழுந்தன. மைக்ரோசாஃப்ட் 2017-ல் அதைக் கைகழுவிவிட்டது. நம் ஸ்டூடியோக்களில் இதயம் இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது.

இந்த மென்பொருட்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு: எல்லாப் படமும் சமம். பரிசல் சவாரிக்கும் 2 விநாடி, 48 பேர் நிற்கிற படத்துக்கும் 2 விநாடி. ஜனநாயகம் மாதிரித் தெரியும். கணக்குப் போட்டால் வேறு மாதிரி. பரிசலில் இருக்கிற நாலு பேருக்குத் தலைக்கு அரை விநாடி. க்ரூப் போட்டோவில் தலைக்கு ஒரு விநாடியில் இருபத்து நாலில் ஒரு பங்கு. கண் ஒரு முகத்தில் போய் நிற்பதற்கே அந்த நேரம் போதாது.

இன்னொரு வியாதி, படம் சும்மா நிற்கக் கூடாது, மெதுவாகப் பெரிதாகிக்கொண்டோ நகர்ந்துகொண்டோ இருக்கவேண்டும் என்பது. இதற்கு 'கென் பர்ன்ஸ் எஃபெக்ட்' என்றே பெயர். கென் பர்ன்ஸ் அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி 1990-ல் தொலைக்காட்சிக்கு நீண்ட ஆவணப்படம் எடுத்தவர். அந்தப் போர் நடந்தபோது சினிமா கேமரா கிடையாது, அசையாத போட்டோக்கள்தான். அவர் ஒரு சிப்பாயின் முகத்தில் ஆரம்பித்து மெதுவாக அவன் கைக்கு வருவார். காரணத்தோடு வருவார். ஆப்பிள் கம்பெனி அந்த அசைவை எடுத்து, அவர் பெயரையே வைத்து, தன் மென்பொருளில் ஒரு பட்டனாக்கிவிட்டது. பட்டனுக்குக் காரணம் தெரியாது. மச்சானின் க்ரூப் போட்டோவில் அது 48 முகங்களை விட்டுவிட்டு ஓரத்தில் இருந்த தீயணைப்பு சிலிண்டரை நோக்கிப் பயணம் செய்தது.

அசையாத படங்களை வைத்துக்கொண்டு எவ்வளவு செய்யலாம் என்பதற்கு க்ரிஸ் மார்க்கர் 1962-ல் எடுத்த 'லா ஜெட்டே' உதாரணம். 28 நிமிஷ பிரெஞ்சுப் படம். முழுக்க போட்டோக்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும், தூங்கி எழும் ஒரு பெண் கண் திறப்பது அசையும். அந்தச் சின்ன அசைவுக்கு உடம்பு சிலிர்க்கிறது. காரணம், அதுவரை அவர் பட்டனை அமுக்கவில்லை. எந்தப் படம் எவ்வளவு நேரம் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானித்திருக்கிறார்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால் கிருஷ்ணகிரி மாவட்டத்து நடுகற்களைப் போய்ப் பாருங்கள். சிலவற்றில் மூன்று அடுக்கு இருக்கும். கீழே சண்டை. நடுவில் தேவமாதர் வீரனைத் தூக்கிப்போகிறார்கள். மேலே அவன் சொர்க்கத்தில் இருக்கிறான். ஒரு ஆயுளுக்கு மூன்றே ஸ்லைடு. சிற்பி 212 செதுக்கவில்லை.

* * *

சாப்பாடு முடிந்து வீட்டுக்கு வந்ததும் பையன் லேப்டாப்பைத் திறந்து, "மாமா, இதையாவது பாருங்க, நல்லா வந்திருக்கு" என்று இன்னொன்று காட்டினான். இது டைம் லாப்ஸ். அவர்கள் மொட்டை மாடியிலிருந்து தெரிகிற ஒரு தொழிற்கூடக் கட்டடம் எழும்புவதை 5 மாசம் படம் பிடித்திருக்கிறான். காலை 8 மணியிலிருந்து அரை மணிக்கு ஒன்றாக ஒரு நாளைக்கு 20 படம். 150 நாள், 3,000 படம். எல்லாம் ரா ஃபைல். விநாடிக்கு 25 வீதம் ஓட்டினால் சரியாக 2 நிமிஷ வீடியோ.

பிரமாதமாகத்தான் இருந்தது. மேகம் ஓடுகிறது, நிழல் சுழல்கிறது, தூண்கள் காளான் மாதிரி முளைக்கின்றன, இரும்புக் கூரை தானாக வந்து உட்கார்கிறது. தூரத்தில் சந்திர சூடேஸ்வரர் மலை மட்டும் அசையவில்லை.

மச்சான் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுல ஆளே இல்லையேடா?"

"இருக்காங்கப்பா. ஒவ்வொரு ஃப்ரேம்லயும் ஒவ்வொரு இடத்துல இருக்கறதால கண்ணுக்குத் தெரியல."

"கட்டினவன் தெரியல, கட்டடம் தெரியுது. அப்ப நம்ம கம்பெனி போர்டு ரூம்ல மாட்டலாம்."

35 வருஷ சர்வீஸில் வந்த விமரிசனம். இதைவிடச் சுருக்கமாக எந்த விமரிசகனாலும் சொல்ல முடியாது. நான் கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். ஒரு நாளைக்கு 20 படம் என்றால், ஒரு கொத்தனாரின் முழு நாள், வெயில், சாந்துச் சட்டி, மதியத் தூக்கம், மேஸ்திரியின் திட்டு எல்லாம் சேர்த்து, 0.8 விநாடி. முக்கால் விநாடியும் கொஞ்சமும்.

இதே மாவட்டத்தில் போச்சம்பள்ளி பக்கம் 2021-ல் ஓலா மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை 500 ஏக்கரில் எழும்பியது. அதைக் கட்ட ஏறக்குறைய ஒரு கோடி மனித மணி நேரம் என்று அந்த நிறுவனமே அப்போது அறிவித்தது. ஒரு கோடி மணி என்றால் சாதாரணமாகத் தோன்றும். ஒரே ஆள், தினம் 8 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்று வேலை பார்த்தால் 4,166 வருஷம். அதே கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். அந்த இரும்பைக் காய்ச்சிய காலத்தில் வேலையை ஆரம்பித்த ஆள் இப்போதுதான் முடித்துக் கை கழுவியிருப்பான். அதை இரண்டு நிமிஷ வீடியோவாகப் பார்க்கும்போது நாம் வியப்பது வேகத்தை. வியக்கவேண்டியது அந்த ஒரு கோடியை.

* * *

ஆட்கள் படத்திலிருந்து மறைவது டைம் லாப்ஸுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. 1838-ல் டாகேர் பாரீஸில் ஜன்னல் வழியாக ஒரு வீதியைப் படமெடுத்தார். ஜன நெரிசலான வீதி. படம் பதியப் பல நிமிஷம் ஆகும் என்பதால் நடந்தவர்கள், வண்டிகள், குதிரைகள் ஒன்றும் விழவில்லை. ஊரே காலி மாதிரி இருக்கும். ஒரு மூலையில் ஒருவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு அசையாமல் நின்றதால் விழுந்துவிட்டார். பாலிஷ் போடுகிறவரும் மங்கலாகத் தெரிகிறார். போட்டோவில் பதிந்த முதல் மனிதர்கள் இவர்கள்தான் என்று கருதப்படுகிறது. இரண்டில் ஒருவர் தொழிலாளி என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.

1901-ல் நியூயார்க்கில் ஸ்டார் தியேட்டரை இடித்தபோது, எதிரே கேமராவை வைத்து 4 நிமிஷத்துக்கு ஒரு படமாகப் பகல் முழுக்க எடுத்தார்கள். நாள் கணக்கில் நடந்த இடிப்பு திரையில் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். தியேட்டர்காரர்கள் அதையே தலைகீழாக ஓட்டினால் கட்டடம் தானாக எழுந்து நிற்கும். இடிப்பதும் கட்டுவதும் ஒரே படச்சுருள். ஆட்கள் தெரியாததால் ரசிகனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

1982-ல் காட்ஃப்ரே ரெஜியோ எடுத்த 'கொயானிஸ்காட்சி' படத்தில் நகரத்து ஜனங்கள் ரயில் நிலையத்தில் சாக்கடைத் தண்ணீர் மாதிரிப் பாய்வார்கள். தலைப்பு ஹோப்பி பழங்குடியினரின் சொல். சமநிலை கெட்ட வாழ்க்கை என்று அர்த்தம். அதாவது, அவர் வேகத்தை ஒரு குற்றச்சாட்டாகப் பயன்படுத்தினார். அதற்கப்புறம் வந்த கம்பெனி விளம்பரப் படங்கள் அவருடைய உத்தியை அப்படியே எடுத்துக்கொண்டு குற்றச்சாட்டை மட்டும் கழற்றிவிட்டன. இப்போது அதே காட்சிக்கு 'வளர்ச்சி' என்று தலைப்பு.

டைம் லாப்ஸே கூடாது என்று சொல்லவில்லை. 1910-ல் பெர்சி ஸ்மித் என்ற ஆங்கிலேயர் பூக்கள் மலர்வதைப் படமாக்கிக் காட்டினார். நம் கண்ணுக்கு மிக மெதுவான விஷயத்தை அது கொண்டுவந்து தருகிறது. ஜேம்ஸ் பேலாக் 2007-லிருந்து பனிப்பாறைகளுக்கு எதிரே கேமராக்களை வருஷக் கணக்கில் நட்டுவைத்தார். 2012-ல் வந்த 'சேஸிங் ஐஸ்' ஆவணப்படத்தில் அவை பின்வாங்குவதைப் பார்த்தால் பூமி சூடாவது பற்றி யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஓசூரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. சுற்றுவட்டாரப் பசுமைக் குடில்களில் ரோஜா வளர்த்து, காதலர் தினத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். ஏற்றுமதி ரோஜாவை மொட்டாக இருக்கும்போதே வெட்டிக் குளிர் அறையில் வைத்துவிடவேண்டும். அது விரிவது எங்கோ ஒரு ஊரின் பூ ஜாடியில். நாள் முழுக்கக் குனிந்து வெட்டுகிற பெண்ணுக்கு, தான் வெட்டிய பூ மலர்ந்து பார்க்கக் கொடுத்துவைப்பதில்லை. ஒரு மொட்டை வீட்டுத் தண்ணீர் டம்ளரில் வைத்து 10 நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்து அவளுக்குக் காட்டினால், அது அவளிடமிருந்து பறித்ததைத் திருப்பிக் கொடுக்கிற டைம் லாப்ஸ்.

ஆக, என் அளவுகோல் இதுதான். பூ, பனி, நட்சத்திரம் இவற்றை வேகமாக்கினால் தெரியாதது தெரியவரும். வேலை செய்கிற மனிதனை வேகமாக்கினால் தெரிந்தது மறைந்துபோகும்.

* * *

ரா ஃபைல் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு இரண்டு வரி. சாதாரண ஜேபெக் என்பது கேமராவே சமைத்துப் பரிமாறுவது. ரா என்பது அரிசியும் பருப்புமாகக் கையில் கொடுப்பது. சமையல் உங்கள் பொறுப்பு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள். 14 பிட் ராவில் 16,384. அதனால் இருட்டில் விழுந்த முகத்தைப் பின்னால் மீட்கலாம். விலை: படத்துக்கு 25 எம்.பி. என்று வைத்தால் 3,000 படத்துக்கு 75 ஜி.பி. டைம் லாப்ஸ் எடுக்கும்போது எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் ஆட்டோவில் விடாதீர்கள். விட்டால் படத்துக்குப் படம் மாறி, பழைய ட்யூப் லைட் மாதிரிச் சிமிட்டும். மேகத்துக்கு 5 விநாடி இடைவெளி, கட்டடத்துக்கு அரை மணி. 10 விநாடி வீடியோவுக்கு 250 படம் வேண்டும். கோத்துத் தருவதற்கு எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது, இலவசம்.

ஆனால் சமையல் நம் கையில் என்பதில் ஒரு ஆபத்தும் உண்டு. தென்பெண்ணையில் பெங்களூரின் கழிவு கலந்து வந்து, கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்குவது அடிக்கடி செய்தியில் வரும். அதை அந்தி வெளிச்சத்தில் ராவில் எடுத்து, கொஞ்சம் ஆரஞ்சு கூட்டி, வேகமாக ஓட்டினால் ஸ்விட்சர்லாந்து பனி மாதிரி இருக்கும். நாற்றம் வீடியோவில் வராது.

* * *

பையனிடம் நான் அதிகம் சொல்லவில்லை. 'ஸ்மோக்' படத்தைப் பார் என்றேன். 1995-ல் வந்தது. ப்ரூக்ளினில் சுருட்டுக் கடை நடத்துபவர் தினமும் காலை 8 மணிக்குத் தன் தெரு முனையைப் படமெடுக்கிறார். நாலாயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. எழுத்தாள நண்பர் ஆல்பத்தைச் சரசரவென்று புரட்டி, எல்லாம் ஒன்றுதானே என்கிறார். மெதுவாகப் பார்க்கச் சொல்கிறார் கடைக்காரர். மெதுவாகப் பார்க்கும்போது, ஒரு படத்தில் நண்பரின் இறந்துபோன மனைவி நடந்து போய்க்கொண்டிருக்கிறாள்.

இரண்டு வாரம் கழித்துப் பையன் ஒரு வீடியோ அனுப்பினான். 212 படம் 30 ஆகியிருந்தது. வயலின் போய்விட்டது. நட்சத்திரம் வெடிக்கவில்லை. க்ரூப் போட்டோ வந்ததும் அப்படியே நின்றது. பின்னணியில் மச்சானின் குரல், இடமிருந்து வலமாக ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தது. "இவன் லேத்துல இருந்தான், கை சுத்தம். இவரு ஃபோர்மன், கோவக்காரர், ஆனா தீபாவளிக்கு ஸ்வீட் வாங்கித் தருவாரு. இவன்தான்..." என்று ஒரு இடத்தில் குரல் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடர்ந்தது. 48 பேருக்கு நாலு நிமிஷம். கேமரா அசையவே இல்லை. நான் இரண்டு தடவை பார்த்தேன்.

மொட்டை மாடி டைம் லாப்ஸையும் மாற்றியிருந்தான். நடுவில் வேகம் நின்று, பக்கத்தில் போய் எடுத்த ஒரு வீடியோ, நிஜ வேகத்தில், அரை நிமிஷம். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் கம்பி கட்டுகிறான், நிமிர்ந்து கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரிக்கிறான். பிறகு மறுபடி தூண்கள் முளைக்கின்றன. இப்போது அவை தானாக முளைக்கவில்லை என்று தெரிகிறது.

க்ரூப் போட்டோவில் இரண்டாவது வரிசையில் ஒருவர் பெயர் மட்டும் மச்சானுக்கு நினைவு வரவில்லை. "வந்துரும், வந்துரும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் போயிருந்தார்.

போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு போன். பயந்துபோய் எடுத்தேன்.

"மாப்பிள்ளை, அந்த ரெண்டாவது வரிசை ஆளு... பேர் வந்துடுச்சு. பையனை மறுபடி எடிட் பண்ணச் சொல்லியிருக்கேன்."